துரு வெளியே தெரிவதில்லை!
(கடற்கரை ஊர்களில் ஐப்பசி முதல் தை வரை இரு சக்கர வண்டியைக் காப்பது எப்படி?)

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



நம்ம கல்லூரி வண்டி ஸ்டாண்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். டேங்கும் ஹெட்லைட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். அப்படியே கொஞ்சம் குனிந்து, மட்கார்டுக்கு உள்பக்கம், செயின் கவருக்குக் கீழே, சைடு ஸ்டாண்டு மாட்டியிருக்கிற இடம் இதையெல்லாம் பாருங்கள். செங்கல் பொடியைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். யாரும் குனிவதில்லை. நானும் குனிந்ததில்லை.

எங்க அப்பா மொபெட்டில் மீன் விற்கிறவர். விடியற்காலம் ஏலத்தில் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டியில் வைத்து, ஊர் ஊராகப் போவார். பெட்டியும் ஐஸும் மீனுமாகச் சேர்ந்து அறுபது கிலோவுக்குக் குறையாது. அந்த வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பாலீஷ் போடுவது என் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி கேரியருக்குச் சிவப்பு பெயிண்ட்டும் அடிப்பேன். "மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வீட்டு வண்டி எப்படி இருக்கு பாரு"ன்னு தெருவில் சொல்வார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது, ஒரு மார்கழி விடியலில், வேகத்தடையில் ஏறி இறங்கின இடத்தில் அந்தக் கேரியர் ஒடிந்தது. பெட்டி பின்சக்கரத்தில் சாய்ந்து வண்டி நின்று போச்சு. அப்பா கீழே விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சாளை மீன் ரோடு பூராவும். பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அது எங்க அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அம்மா தலையில் கூடை சுமந்து விற்றுத்தான் எங்க வீட்டில் உலை கொதித்தது. அந்தத் தவணை பரீட்சைப் பணத்தையும் அம்மாதான் அப்படிச் சேர்த்துக் கொடுத்தாங்க.

ஒடிந்த கேரியரை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் ஒடிந்த நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினார். உடைந்து உள்ளே போச்சு. "தம்பி, இது பைப்பு இல்லப்பா, அப்பளம்"ன்னார். மேலே நான் அடித்த சிவப்பு பெயிண்ட் அப்படியே புதுசாக இருந்தது!

மறுநாள் அந்தத் துண்டை மெட்ராலஜி லேபுக்கு எடுத்து வந்து வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். வெளி விட்டம் 20 மி.மீ. துரு பிடிக்காத இடத்தில் சுவர்த் தடிமன் 2 மி.மீ. ஒடிந்த இடத்தில் அரை மி.மீ. தேறவில்லை. நாம் எஸ்.ஓ.எம். பாடத்தில் போடும் செக்‌ஷன் மாடுலஸ் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். வெளி விட்டம் 20, உள் விட்டம் 16 என்றால் 464 கன மி.மீ. வரும். உள் விட்டம் 19 என்றால் 146தான். வளைவைத் தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதுவும் சுவர் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. குழி குழியாக அரித்திருந்தால் இன்னும் மோசம்.

ஏன் உள்ளேயிருந்து அரித்தது? கேரியர் செய்தபோது பைப்பின் நுனிகளை அடைக்காமல் விட்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணி நுனி வழியாக உள்ளே இறங்கி, கீழ் வளைவில் தேங்கி நின்றிருக்கிறது. வெளியே வர வழி கிடையாது. இது வரைக்கும் எனக்கும் புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. துரு பிடிக்க ஆக்சிஜன் வேணும் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்தோமே! காற்று நல்லாப் படுகிற வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, காற்றே சரியாகப் போகாத உள்பக்கத்தை ஏன் இப்படித் தின்றது? இந்தக் கட்டுரையே அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான்.

ஒரு சொட்டு உப்புத் தண்ணியில் பாடம்

1920களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூ.ஆர். எவன்ஸ் என்பவர் ஒரு சொட்டு உப்புத் தண்ணியை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காட்டினார். நம்ம கெமிஸ்ட்ரி லேபிலேயே அதைச் செய்யலாம். நான் செய்து பார்த்தேன். 100 மி.லி. தண்ணியில் 3 கிராம் உப்பு. அதில் கொஞ்சம் பினாப்தலீன், ஒரு சிட்டிகை பொட்டாசியம் பெர்ரிசயனைடு. (பெர்ரிசயனைடை ஆசிட் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. சாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.) எமரி தாளால் நன்றாகத் தேய்த்த எம்.எஸ். தகட்டின் மேல் ஒரு பெரிய சொட்டு விட்டுவிட்டு, கை வைக்காமல் காத்திருக்க வேண்டும்.

முதலில் அங்கங்கே நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் கலந்து தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை பிரிந்துவிடும். சொட்டின் நடுவில் நீலம், ஓரத்தைச் சுற்றி ரோஸ் நிற வளையம். நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது. ரோஸ் என்றால் அங்கே காரம் உண்டாகிறது, அதாவது ஆக்சிஜன் செலவாகிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இரண்டுக்கும் நடுவில் பழுப்பு வளையமாகத் துரு படியும்.

சொட்டின் ஓரம் மெலிசாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே சுலபமாகக் கரைந்து வருகிறது. நடுவில் தண்ணி ஆழம், அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்து போகிறது. உடனே அந்த ஒரே தகடு ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. ஓரம் கேத்தோடு, நடு ஆனோடு. நடுவில் இரும்பு அயனிகளாகக் கரைய, அது விட்ட எலக்ட்ரான்கள் தகடு வழியாக ஓரத்துக்குப் போய் ஆக்சிஜனோடு சேர்கின்றன. உப்பின் வேலை என்ன? தண்ணியை நல்ல மின்கடத்தி ஆக்குவது ஒன்று. இரும்பின் மேலிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு உடைப்பது இன்னொன்று.

ஆக, ஆக்சிஜன் ஓர் இடத்தில் செலவாகிறது, இரும்பு வேறோர் இடத்தில் கரைகிறது. கரைவது ஆக்சிஜன் குறைவாக உள்ள இடம்! சேற்றுக் கட்டிக்கு அடியில், வாஷருக்கும் தகட்டுக்கும் இடையில், பெயிண்ட் உப்பின கொப்புளத்துக்குள், பைப்பின் கீழ் வளைவில் தேங்கின தண்ணிக்கு அடியில். எங்க கேரியர் ஏன் அப்பளம் ஆச்சுன்னு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வண்டியில் எங்கே தேட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்கு எட்டும் துருவுக்கு நாம் பயப்படுகிறோம். வண்டியை ஒடிப்பது பெரும்பாலும் அது இல்லை.

அங்கே அரசாங்கம் தூவுது, இங்கே கடல் தூவுது

கனடா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புக் கரைந்த தண்ணி பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, அதனால் ரோட்டில் பனிக்கட்டி வழுக்காது. ஆனால் அந்த உப்பு பைக்கின் அடிப்பக்கத்தை ஒரே பனிக்காலத்தில் நாசம் பண்ணிவிடும். ஆகவே அங்கே பலர் குளிர்காலத்தில் வண்டியை மூடி வைத்துவிடுவார்கள். ஓட்டுகிறவர்கள் வீடு திரும்பினதும் பச்சைத் தண்ணியில்தான் கழுவுவார்கள். வெந்நீர் ஊற்றினால் வினை வேகமாகும் என்ற பயம்.

நமக்குப் பனிக்கட்டி கிடையாது. ஆனால் உப்புக்கு என்ன பஞ்சம்? தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் போகிற நண்பர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். உப்பளம், உப்பு லாரி, லாரியிலிருந்து சிந்தின உப்பு, மேலே ஒரு தூறல் விழுந்தால் ரோடே உப்புக் கரைசல். அது பத்தாதென்று வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே நம்ம மேல் அடிக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் பொடித் துளிகள் அந்தக் காற்றில் ஏறி வரும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பதை மறக்க வேண்டாம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானாகவே கசிந்து தண்ணி ஆகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணியில் இருப்பது அதுதான். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். நம்ம ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே போகிற நாள் மழைக்காலத்தில் ஏது? ஆக, உப்பு ஒட்டின வண்டி, மழையே பெய்யாவிட்டாலும் ஈரமாகத்தான் நிற்கிறது. ராத்திரி இரும்பு குளிர்ந்ததும் மேலே மார்கழிப் பனி வேறு இறங்கும்.

"என் வண்டி ஷெட்டுக்குள்தான் நிற்குது, எனக்கென்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் மழை கெட்டதும் பண்ணும், நல்லதும் பண்ணும். நனைக்கும், கூடவே உப்பைக் கழுவியும் விடும். மழை படாத கூரைக்குக் கீழே உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். கழுவாமல் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு அந்த லாபமும் இல்லை. டேங்கின் மேல்பக்கம் நல்லா இருக்க, டேங்கின் அடிப்பக்கம் பொரிந்து போவதற்கும் இதே காரணம்தான்.

நம்ம கடலோரத்தின் கடுமைக்கு ஒரு பெரிய சாட்சி பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காலம் முழுக்க பெயிண்ட் அடித்தும் பாகங்களை மாற்றியும்தான் காப்பாற்றி வந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. அரிமானத்தை ஆராய்வதற்கென்றே நம்ம பக்கத்தில் ஒரு நிலையம் இருப்பதும் பலருக்குத் தெரியாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். மண்டபத்தில் கடற்கரையிலேயே அவர்களுக்கு ஒரு சோதனைக் களம் உண்டு. தகடுகளைக் கடற்காற்றில் மாட்டி வைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். நம்ம வண்டி ஸ்டாண்டும் ஒரு வகையில் அதே மாதிரி களம்தான், அளக்கத்தான் ஆள் இல்லை!

(2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் முழுகிப் போன வண்டிகளின் கதை வேறு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

முதல் மருந்து நல்ல தண்ணி

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். கடைக்குப் போய் "துருவுக்கு ஸ்பிரே கொடுங்க"ன்னு கேட்கிறதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதற்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும். உப்புக்கு மேலே ஆயிலோ பெயிண்ட்டோ அடித்தால், உப்பை உள்ளே வைத்துப் பூட்டினதாகிவிடும்.

உப்பைக் கரைக்கத் தண்ணி போதும். ஆனால் எந்தத் தண்ணி? கடற்கரை ஊர்களில் போர் தண்ணியே உப்பு. அதில் வண்டியைக் கழுவிவிட்டு, "தினமும் கழுவுறேன், அப்படியும் துரு பிடிக்குது"ன்னு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்க வீட்டுத் தண்ணியைச் சின்னப் பாட்டிலில் கொண்டு வந்து லேபில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டால் அந்தத் தண்ணி ஆகாது. எங்க வீட்டு போர் தண்ணி மோர் மாதிரி ஆச்சு!

அதற்கு மழைக்காலமே வழி விடுகிறது. மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணியைப் பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில் போகும். அடுத்த மழைத் தண்ணியில் ஒரு டிரம் பிடித்தால் பல நாள் வண்டி கழுவலாம். அழுக்குப் போக முதலில் எந்தத் தண்ணியை ஊற்றினாலும், கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணியாக இருந்தால் போதும். கழுவின தண்ணியில் கடைசியாக வடிவதைப் பிடித்தும் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். முதல் வாளிக்கு நன்றாக வெளுத்தது, இரண்டாவதில் லேசாக மங்கினதோடு சரி.

கழுவும்போது டேங்கிலிருந்து ஆரம்பிக்காதீங்க. அடியிலிருந்து ஆரம்பியுங்கள். மட்கார்டு உள்பக்கம் விரலை விட்டுச் சேற்றைத் தோண்டி எடுக்கணும். ஸ்விங் ஆர்முக்கும் சக்கரத்துக்கும் இடையில், சென்டர் ஸ்டாண்டு கீல், சைடு ஸ்டாண்டு பிராக்கெட், ஷாக் அப்சார்பர் கீழ் மவுண்டிங், சீட்டைக் கழற்றி பேட்டரிக்கு அடியில். ஃபிரேம் பைப்பிலும் ஸ்விங் ஆர்மிலும் கம்பெனியே சின்ன வடிகால் துளை வைத்திருக்கும். சேறு அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் வேகமாகப் பீய்ச்சி அடிப்பது பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் தண்ணி சக்கர ஹப் பேரிங்கிலும் ஹேண்டில் கோன் செட்டிலும் கிரீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். போன தண்ணி வெளியே வராது. எவன்ஸின் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்! வாளியும் மக்கும் ஒரு பழைய பெயிண்ட் பிரஷும் போதும். சூடான இன்ஜின் மேல் ஊற்ற வேண்டாம், அரை மணி ஆற விடுங்கள். சோடா கலந்த துணி சோப்புத் தூள் அலுமினியத்துக்கு ஆகாது.

கழுவினதும் மூடி வைப்பது பெரிய தப்பு. துணியால் துடைத்து, பத்து நிமிஷம் ஓட்டி, மெதுவாகப் போகையில் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து விட்டு விட்டு ஓட்டுங்கள். டிரம்முக்குள் நுழைந்த ஈரம் காயும். இல்லையென்றால் காலையில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் நகராது. பாலிதீன் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே புழுங்கும். காய்ந்த பிறகு, காற்று போகிற துணிக் கவராகப் போடுங்கள்.

ஆயில் போடுவதிலும் விஷயம் இருக்கு

சர்வீஸ் முடிந்ததும் அடிப்பக்கம் பூரா டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடித்துத் தருவது நம்ம ஊர் வழக்கம். கறுப்பாக மின்னும், வாடிக்கையாளருக்குத் திருப்தி. என் கருத்து இது வேண்டாம் என்பதே. பழைய ஆயிலில் இன்ஜினில் எரிந்ததால் வந்த அமிலங்கள் உண்டு. மண்ணையும் இழுத்து ஒட்ட வைக்கும். கையில் தோலில் படுவதும் நல்லதல்ல. டீசல் கிரீஸைக் கரைத்து, ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் டிரம்மில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புது இன்ஜின் ஆயில் நூறு மி.லி.யை பிரஷ்ஷால் தேவையான இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவினால் ஒரு மாதம் வரும். பைப் உள்பக்கத்துக்கும் அதேதான். துளை வழியாக ஊற்றி, வண்டியைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே பரவ விட்டு, மிச்சத்தை வடிய விடுங்கள்.

செயினுக்கு எஸ்.ஏ.ஈ. 90 கியர் ஆயில். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துடைத்து, காய்ந்த பிறகு, கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுற்றும்போது அதுவே வெளிப்பக்கத்துக்கு இறங்கும். ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது போட்டால் உருளைக்குள் நன்றாக இறங்கும். அரை மணி கழித்து மிஞ்சினதைத் துடைத்துவிடுங்கள். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் பக்கமே போகாதீங்க. மழையில் முழுசாக நனைந்த ஒவ்வொரு தடவையும் ஆயில் தேவை, கிலோ மீட்டர் கணக்கெல்லாம் வெயில் காலத்துக்கு.

பிரேக்கில்தான் எனக்குப் பயம் அதிகம். டிரம் பிரேக் கேம் தண்டு துரு பிடித்தால் பெடலை விட்ட பிறகும் ஷூ திரும்பாது. பெடல் மெதுவாக எழும்பினால் அன்றைக்கே கழற்றி, எமரி தாளால் தேய்த்து, கேமில் நகத்தால் தொட்ட அளவு கிரீஸ் வைக்கணும். அதிகம் வைத்தால் லைனிங்கில் ஏறிவிடும். கேபிளைப் பாருங்கள், லீவருக்குள் குண்டு மாட்டியிருக்கிற இடத்தில் ஒரு இழை அறுந்திருந்தால் மற்ற இழைகளும் அதே வழியில் இருக்கின்றன. டிஸ்க் பிரேக் வண்டியில் காலிப்பர் பின் இறுகினால் ஒரு பக்க பேடு மட்டும் தேயும். அந்தப் பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணியை உறிஞ்சும் குணமுள்ளது, அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும்.

சைலன்சரையும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக வருகிறது, நம்புங்கள். கார்பன், ஹைட்ரஜன் கணக்கைப் போட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். தூரம் ஓடினால் சைலன்சர் சூடேறி ஆவி வெளியே போய்விடும். டீக்கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து தேங்கும். சைலன்சர் அடியில் வடிகால் துளை இருந்தால் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி ஓட்டுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணியை இழுக்கும். தண்ணி அளவு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். லீவுக்கு வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் டேங்கை நிரப்பிவிட்டுப் போவது நல்லது.

குரோம் அழகும் துத்தநாகத் தியாகமும்

ஒரு சின்ன மெட்டலர்ஜி. குரோம் பூசின பாகத்தில் இரும்புக்கும் குரோமுக்கும் நடுவில் நிக்கல் இருக்கிறது. நிக்கல் இரும்பை விடக் கரையத் தயங்கும் உலோகம். பூச்சு முழுசாக இருக்கும் வரை நல்லது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், சுற்றியிருக்கும் அவ்வளவு நிக்கலும் கேத்தோடாகி, அந்த ஓட்டைக்குள் தெரியும் இத்தனூண்டு இரும்பு மட்டும் ஆனோடாகி, குழி தோண்டினது போல் உள்ளே போகும். ஆகவே குரோமை ஸ்டீல் ஸ்கிரப்பரால் தேய்க்கவே கூடாது. முக்கியமாக முன் போர்க் ராடு. அதில் குழி விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து, ஆயில் ஒழுகி முன் பிரேக்கில் இறங்கும். தினமும் ஒரு ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்தால் போதும், அரை நிமிஷ வேலை.

துத்தநாகம் நேர் எதிர். கீறல் விழுந்தாலும் இரும்புக்குப் பதிலாகத் தானே கரையும். எனவே பெயிண்ட் அடிப்பதென்றால் துருவைச் சுத்தமாக எடுத்து, நல்ல தண்ணியில் கழுவி, காய வைத்து, வெறும் இரும்பின் மேல் ஜிங்க் பிரைமர் போடுங்கள். நாம் வழக்கமாக அடிக்கும் ரெட் ஆக்சைடில் உள்ள சிவப்பு நிறப் பொடியே இரும்பு ஆக்சைடுதான். அது ஒரு மூடி, அவ்வளவே. தானே கரைந்து இரும்பைக் காக்கும் குணம் அதற்குக் கிடையாது. நான் மூன்று தீபாவளிக்கு அடித்தது அதுவே.

அழகுக்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் மாட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. போல்ட் துரு பிடிக்காது, உண்மை. அது இறங்கியிருக்கும் அலுமினிய இன்ஜின் கவர் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரை இறுகிப் போகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் போட்ட மரை சுலபமாகத் திரும்பும், அதனால் வழக்கமான பலத்தோடு முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்து வந்துவிடும். கொஞ்சம் குறைத்தே முறுக்கணும். பேட்டரி முனைக்கு வாசலின் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

தட்டிப் பாருங்கள்

உள்பக்கத் துருவைக் கண்டுபிடிக்க நமக்கு எக்ஸ்ரே தேவையில்லை. சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் பைப் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் மணி மாதிரி 'ணங்' என்று வரும், அரித்த இடத்தில் 'டப்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் பெயிண்ட் கடைக்குப் போக வேண்டாம், நேரே வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். கேரியர், சைடு ஸ்டாண்டு பிராக்கெட், ஷாக் மவுண்டிங், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு கீல், இந்த ஐந்தும் தட்டிப் பார்க்க வேண்டியவை. ஃபிரேமில் 'டப்' கேட்டால் நம்மூர் ஒட்டு வேலையை நம்பாதீங்க, வண்டியை நிறுத்துங்கள்.

பட்டறை அண்ணன் செய்து கொடுத்த புதுக் கேரியருக்கு நான்தான் படம் வரைந்து கொடுத்தேன். பைப் நுனிகளைத் தகடு வைத்து அடைத்தாச்சு. அதையும் மீறி உள்ளே ஈரம் போனால் வடிய, கீழ் வளைவில் வெல்டிங்கிலிருந்து தள்ளி ஒரு 5 மி.மீ. துளை. வெல்டிங்குக்குப் பக்கத்தில் துளை போட்டால் அங்கேயே விரிசல் ஆரம்பிக்கும் என்பதால் இடம் பார்த்துப் போட்டோம். பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதிலிருந்து ஒரு சின்ன ஓஸ், ஐஸ் தண்ணி வண்டியில் படாமல் பழைய பெயிண்ட் டப்பாவில் இறங்குகிறது. செலவு ஒன்றும் பெரிசில்லை, ஓஸ் அக்வேரியம் கடையில் வாங்கினது.

அப்பாவின் மணிக்கட்டு இப்போதும் மழை நாளில் வலிக்கும். வியாபாரம் முடிந்து வந்ததும் மழைத் தண்ணி டிரம்மில் இரண்டு மக்கு எடுத்து கேரியர் மேல் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். "ஏல, பாலீஷ் எங்கல?"ன்னு கிண்டல் வேறு. ஞாயிற்றுக்கிழமை நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். இது வரைக்கும் 'ணங்'குன்னுதான் சத்தம் வருது.